வேட்பாளரும் பந்தியும்

தேர்தல் சமயத்தில் ஒரு வார்டு வேட்பாளர் காதுகுத்து வீட்டில் இலைமுன் உட்கார்ந்து, ரசத்துக்கு இரண்டாம் தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைப் பார்த்தால் நமது இலக்கிய நண்பர்களுக்கு உடனே ஒரு சிரிப்பு வந்துவிடுகிறது. ஓட்டுக்காகச் சாப்பிடுகிறான் என்பது அந்தச் சிரிப்பின் பொருள். சிரித்தவருக்கு அதோடு வேலை முடிந்துவிடுகிறது. ஒரு போலித்தனத்தைக் கண்டுபிடித்துவிட்ட திருப்தியில் அவர் வீட்டுக்குப் போய்க் கவிதை எழுதலாம்; எழுதவும் செய்கிறார். சென்ற சில வருஷங்களில் சிறுபத்திரிகைகளில் நான் படித்த தேர்தல் கவிதைகள் ஏறக்குறைய எல்லாமே ஒரே கவிதைதான். கரை வேட்டி, கும்பிட்ட கை, பல் தெரியும் சிரிப்பு, கடைசி வரியில் ஒரு நாய் அல்லது ஒரு காக்கை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டுக் கேட்க வந்தவன் ஊர் வைபவங்களில் கலந்துகொண்டு சந்தோஷமாக இருப்பதில் குற்றம் ஏதும் இல்லை. நமது தேர்தல்களில் மிச்சமிருக்கிற நாகரிகமான அம்சம் அதுதான் என்றுகூடச் சொல்வேன். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. அந்த இடத்தைப் பார்க்கவிடாமல் மறைக்கிறது என்பதற்காகவே இந்தச் சிரிப்பின் மேல் எனக்குக் கோபம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் குடியிருந்துகொண்டு ராஜபாளையத்தில் ஒரு வங்கியில் குமாஸ்தாவாக வேலை பார்க்கிறவன். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் அரைமணி நேரம். ஒன்று ஆண்டாளும் தேரும் பால்கோவாவும் ஜில்லா கோர்ட்டும் உள்ள ஊர். மற்றது நூல் மில்லும் அதைச் சுற்றிய வியாபாரமும் உள்ள ஊர். 2011 ஜனக்கணக்கின்படி ராஜபாளையத்தில் சுமார் 1,30,000 பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் சுமார் 75,000 பேர். 2022 பிப்ரவரி 19 அன்று நகராட்சித் தேர்தல் நடந்தபோது முன்னதில் 42 வார்டுகள், பின்னதில் 33. வகுத்துப் பார்த்தால் ஒரு வார்டுக்கு ராஜபாளையத்தில் மூவாயிரத்துச் சொச்சம் பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் இரண்டாயிரத்து முந்நூறு பேர் வருகிறார்கள். இதில் குழந்தைகளைக் கழித்துவிடுங்கள். கவுன்சிலர் என்கிறவர் இவ்வளவு பேருக்குத்தான் கவுன்சிலர். பாராளுமன்ற வேட்பாளர் வேனில் நின்று கையசைத்துவிட்டுப் போய்விடலாம். அவர் முகம் சுவரொட்டியில் இருந்தால் போதும். வார்டு வேட்பாளரின் முகம் ஏற்கெனவே தெருவில் இருக்கிறது. அவர் எந்த வீட்டுத் துஷ்டிக்கு வரவில்லை, எந்தக் கல்யாணத்தில் சண்டை போட்டார், யாரிடம் கைமாற்று வாங்கித் திருப்பவில்லை என்பதெல்லாம் ஊருக்கு மனப்பாடம். இத்தனை சிறிய இடத்தில் மனிதன் வேஷம் போடலாம். அதை ஐந்து வருஷத்துக்குக் கலைக்காமல் வைத்திருப்பது சிரமம்.

வேட்பாளர் வைபவத்துக்கு வருவது போலித்தனம் என்றால், யாருமே வராமல் இருந்த காலம் சுத்தமான காலமாக இருந்திருக்க வேண்டும். அப்படி ஒரு காலம் சமீபத்தில் இருந்தது. 2011இல் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுன்சிலர்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் 17, 19 தேதிகளில் நடக்கவிருந்த தேர்தலின் அறிவிப்பைச் சென்னை உயர்நீதிமன்றம் 4ஆம் தேதி ரத்து செய்தது. அதன்பின் வழக்கு, வார்டு மறுவரையறை, மறுபடி வழக்கு, கொரோனா என்று காலம் போய், 2022 மார்ச்சில்தான் புதிய கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்களின் நிர்வாகம். தனி அலுவலர் யார் வீட்டுக் காதுகுத்துக்கும் வரவேண்டிய அவசியமில்லை. பூக்குழி அன்று கூட்டத்தில் நின்று வியர்க்க வேண்டியதில்லை. பொய்யாகச் சிரிக்க வேண்டியதில்லை. அவரிடம் போலித்தனம் எள்ளளவும் கிடையாது. ஆனால் சாக்கடை அடைத்துக்கொண்டபோது எந்த வீட்டுத் திண்ணையில் அவரைப் பிடித்து உட்காரவைத்துக் கேட்பது என்று எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை. மனுவை எழுதி ஒரு ஜன்னலில் கொடுத்தோம். ஜன்னல் பந்தியில் உட்காராது.

சிரிக்கிற நண்பர்களுக்கு அந்த ஐந்து வருஷத்தைப் பற்றிக் கவிதை எழுதத் தோன்றவில்லை. அதில் வேடிக்கை இல்லை அல்லவா? ஆள் வந்தால் கேலி. ஆளே வராவிட்டால் மௌனம். இதற்குப் பெயர் விமர்சனப் பிரக்ஞையா?

இந்த மனோபாவத்தின் வேர் இலக்கியத்தில் இருக்கிறது என்று நினைக்கிறேன். நமது நவீனச் சிறுகதையின் நாயகன் கல்யாணப் பந்தலுக்கு வருவான். ஆனால் உள்ளே வரமாட்டான். ஓரத்தில் ஒரு மூங்கில் காலில் சாய்ந்துகொண்டு, மேளச் சத்தத்துக்கு நடுவே தன் தனிமையை எண்ணிக்கொண்டிருப்பான். கூட்டத்தில் சந்தோஷமாக இருப்பவன் அவனுக்கு அசடன் அல்லது பொய்யன். நாம் இதைப் படித்துப் படித்து, தனிமைதான் உண்மை, கூடியிருப்பது பாவனை என்ற ஒரு சமன்பாட்டுக்கு வந்துவிட்டோம். பிறகு அதே அளவுகோலோடு வார்டு வேட்பாளரை அளக்கப் போகிறோம். 'அவன் மனசுக்குள்ளே நிஜமாகவே சந்தோஷம் இருக்கிறதா?' என்று கேட்கிறோம். இது நாவலாசிரியன் கேட்கவேண்டிய கேள்வி. ஓட்டுப் போடுகிறவளுக்கு இது எதற்கு?

கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களில் காரியம் இல்லாமல் வருகிறவர் யார்? இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் வருகிறார். மகனுக்குப் பெண் பார்க்கிற தாய் வருகிறாள். பழைய சண்டையைத் தீர்த்துக்கொள்ள ஒரு பங்காளி வருகிறான். கடன் கேட்க வந்தவர் கேட்காமலே சாப்பிட்டுவிட்டுப் போகிறார். இவர்கள் எல்லோருமே பாயசத்தை ரசித்துத்தான் குடிக்கிறார்கள். காரியமும் சந்தோஷமும் ஒரே இலையில் இருக்கமுடியும் என்பதுதான் வைபவத்தின் அர்த்தமே. அதை வேட்பாளருக்கு மட்டும் மறுப்பானேன்?

நம்மவர்கள் இதற்கு ஒரு புளியமரத்தின் கதையைச் சாட்சிக்கு அழைப்பார்கள் என்று தெரியும். 1966இல் வந்த அந்த நாவலில் நகரசபைத் தேர்தலும் கடைக்காரர்களின் பகையும் பத்திரிகைக்காரனின் கைங்கரியமும் எப்படிக் கிண்டலுக்கு ஆளாகின்றன என்று காட்டுவார்கள். சரிதான். ஆனால் சுந்தர ராமசாமியின் அந்தக் கிண்டல் எங்கே நின்றுகொண்டு செய்யப்பட்டது என்று அவர்கள் பார்ப்பதில்லை. அந்த ஜங்ஷனை அங்குலம் அங்குலமாக அறிந்த, அங்கே கதை கேட்டு வளர்ந்த ஒருவனின் குரல் அது. மரம் சாகும்போது வலிப்பது அதனால்தான். ஜங்ஷனுக்கே வராதவர்கள் அந்தக் கிண்டலின் தொனியை மட்டும் கடன் வாங்கிக்கொண்டார்கள். கடன் வாங்கிய தொனி எப்படியிருக்கும் என்பதை மேலே சொன்ன கவிதைகளில் காணலாம்.

போலித்தனம் இல்லாத ஒரு எழுத்தாளர் தேர்தலில் நின்ற கதையும் உண்டு. ஆண்டனி ட்ரொல்லப் 1868இல் யார்க்ஷயரில் பெவர்லி என்ற சிறு நகரத்தில் பாராளுமன்றத்துக்குப் போட்டியிட்டார். நாணயமான மனிதர். வீடுவீடாகப் போய்ப் பல்லிளிப்பது அவருக்குச் சகிக்கவில்லை. தம் வாழ்விலேயே அந்த இரண்டு வாரத்தைப்போல் கேவலமான காலம் வேறில்லை என்கிற தோரணையில் தமது சுயசரிதையில் எழுதிவைத்தார். நான்கு பேரில் கடைசியாக வந்தார். ஜெயித்தவர்களின் பணப் பட்டுவாடா பின்னர் விசாரணையில் அம்பலமாகி, 1870இல் அந்த ஊரின் தொகுதி உரிமையே பறிக்கப்பட்டது. இதைப் படிக்கிற நம்மவர் உடனே ட்ரொல்லப் பக்கம் சேர்ந்துகொள்வார். எனக்கு வேறொன்று படுகிறது. அந்த ஊரில் ஒரு மனிதரோடாவது சந்தோஷமாக ஒரு வேளை உட்கார்ந்து சாப்பிட அவருக்கு முடிந்திருந்தால், காசு வாங்காத ஓட்டு எந்தத் தெருவில் இருக்கிறது என்றாவது தெரிந்திருக்கும். அருவருப்பு ஒரு தார்மீகம்போலத் தோன்றும். ஆனால் அதனால் ஒரு தெருவையும் தெரிந்துகொள்ள முடியாது.

பணம் என்று வந்துவிட்டதால் என் தொழிலுக்கு வருகிறேன். முகூர்த்த மாதங்களில் வங்கியில் நகைக்கடன் வரிசை நீளும். கல்யாணம் நடத்துகிறவர்கள் மட்டும் அல்ல, கல்யாணத்துக்குப் போகிறவர்களும் அந்த வரிசையில் நிற்கிறார்கள். அரைப் பவுன் கம்மலைத் தராசில் வைத்துவிட்டு, 'நாளைக்குச் செய்முறை இருக்கு சார், கொஞ்சம் சீக்கிரம்' என்பார்கள். எங்கள் பக்கத்தில் மொய்க்குச் செய்முறை என்று பெயர். நமது நண்பர்கள் இதை மூடத்தனம் என்பார்கள். ஒரு குமாஸ்தாவின் கண்ணுக்கு அது ஒரு சுத்தமான கணக்குப் புத்தகம்.

பந்தல் வாசலில் மேஜை போட்டு, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, பிள்ளையார் சுழி போட்டு நோட்டு தொடங்குகிறது. தாய்மாமன் பெயர் முதலில். பிறகு வந்தவர் ஒவ்வொருவரின் பெயர், ஊர், தகப்பன் பெயர், தொகை. எழுதுகிறவர் உரக்கப் படித்துக்கொண்டே எழுதுகிறார். ஒளிவு இல்லை. இந்த நோட்டு பீரோவில் பத்திரமாக இருக்கும். பத்து வருஷம் கழித்து 501 எழுதியவர் வீட்டில் விசேஷம் வந்தால் நோட்டைப் பிரித்துப் பார்த்து, அதற்குக் குறையாமல் திருப்புவார்கள். திருப்பாவிட்டால் உறவு முறிந்தது என்று அர்த்தம். மொய் என்பது தானம் இல்லை, கடன். அந்தக் கடன் இரண்டு பேரையும் சமமாக்குகிறது. இன்றைக்கு நான் உன் பந்தலில், நாளைக்கு நீ என் பந்தலில்.

இப்போது தேர்தலுக்கு முந்தைய ராத்திரி கதவைத் தட்டி உறைக்குள் வைத்துக் கொடுக்கிற காசை நினைத்துப்பாருங்கள். அதற்கு நோட்டு கிடையாது. பெயர் உரக்கப் படிக்கப்படுவதில்லை. அதைத் திருப்பவும் முடியாது. வாங்கியவர் வாங்கிய கையோடு கீழே போய்விடுகிறார். இரண்டும் பணம்தான், இரண்டும் ஓட்டுக்குத்தான் என்று ஒரே சிரிப்பில் அடக்குகிறவர் ரசனை தெரிந்தவராக இருக்கலாம், கணக்குத் தெரியாதவர். பகலில் பந்தலில் பெயர் சொல்லி 501 எழுதியவனும் ராத்திரி பெயர் சொல்லாமல் உறை நீட்டியவனும் ஒரே ஆளாகவே இருக்கக்கூடும். அப்போதும் அவன் செய்தவை இரண்டு காரியங்கள்.

இதிலிருந்து ஒரு சோதனை கிடைக்கிறது. வேட்பாளர் எத்தனை வீட்டில் மொய் எழுதினார் என்று எண்ணவேண்டாம். அவர் வீட்டு விசேஷத்துக்கு எத்தனை வீட்டுக்குப் பத்திரிகை வைத்தார் என்று கேளுங்கள். இருநூறு வீட்டில் செய்துவிட்டு, தன் மகள் கல்யாணத்தைச் சொந்த சமுதாய மண்டபத்தில் சொந்தக்காரர்களோடு முடித்துக்கொள்கிறவர் எழுதியது மொய் இல்லை. திருப்பி வாங்கிக்கொள்ள விருப்பம் இல்லாதவன் கொடுப்பதற்கு லஞ்சம் என்றுதான் பெயர், பட்டப்பகலில் நோட்டில் எழுதினாலும்.

பந்தி போட்டால் ஓட்டு விழும், ஜனங்கள் அவ்வளவு மலிவு என்கிற எண்ணமும் அந்தச் சிரிப்புக்குள் இருக்கிறது. ராஜபாளையத்திலிருந்தே பதில் சொல்லலாம். பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949இலிருந்து 1952வரை சென்னை ராஜ்யத்தின் முதலமைச்சர். தன் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தவர். முதலமைச்சர் நாற்காலியில் இருந்தபடியே 1952 தேர்தலில் தோற்றார். வீட்டைக் கொடுத்தவரையே தோற்கடித்த ஜனங்கள் ஒரு வேளைச் சோற்றுக்கு விழுந்துவிடுவார்கள் என்பது படித்தவர்களின் கற்பனை. அவர் கொடுத்தது எந்த ஜாதியின் பெயரும் முன்னொட்டாக இல்லாத ஒரு மன்றம் என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். எங்கள் இரண்டு ஊரிலும் அதற்குப்பின் எழுந்த மண்டபங்களின் பெயர்ப்பலகைகளைப் படித்துக்கொண்டு நடந்தால் அதன் அருமை புரியும்.

பெண் வேட்பாளர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. உள்ளாட்சியில் பெண்களுக்குப் பாதி இடம் என்று 2016இல் சட்டம் வந்து, 2022இல் அது நகராட்சி வார்டுகளில் அமலுக்கு வந்தது. கணவன்மார்களின் கைப்பொம்மைகள் என்று இதற்கும் சிரிப்புத்தான். பல இடங்களில் உண்மையாகவும் இருந்தது. மொய் நோட்டில்கூடக் கணவன் பெயர்தான் ஏறியது. ஆனால் நான் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். ஆண் வேட்பாளர் வைபவ வீட்டுக்கு முன்வாசலால் வருகிறார். நாற்காலி போடுகிறார்கள், சால்வை போடுகிறார்கள், போட்டோ பிடிக்கிறார்கள். பெண் வேட்பாளர் புறவாசல் வழியாக அடுக்களைக்குள் போகிறாள். 'வா மதினி' என்று ஒருத்தி மணையை நகர்த்திப் போடுகிறாள். இவள் கூடையை இழுத்துவைத்துக்கொண்டு பூண்டு உரிக்கிறாள். அரைமணி நேரத்தில் எந்தத் தெருக்குழாயில் எத்தனை நாளுக்கு ஒருமுறை, ராத்திரி எத்தனை மணிக்குத் தண்ணீர் வருகிறது, எந்த மூலையில் விளக்கு எரியாததால் மில்லிலிருந்து ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் சுற்றிக்கொண்டு வருகிறார்கள் என்பதெல்லாம் அவள் காதில் விழுந்துவிடுகிறது. நடுநடுவே சிரிப்பும் கேலியும். அந்தச் சந்தோஷத்தில் போலி எங்கே இருக்கிறது? முன்வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிற நமது விமர்சகருக்கு அடுக்களையில் நடக்கிற பிரசாரம் தெரியவே தெரியாது.

இனிதான் குற்றம் இருக்கிற இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் பக்கத்தில் 'சமுதாயம்' என்ற சொல்லுக்கு அகராதியில் உள்ள பொருள் கிடையாது. 'எங்க சமுதாயத்துல' என்று ஒருவர் தொடங்கினால் அது ஜாதி. சமுதாய மண்டபம் என்றால் ஒரு ஜாதியின் மண்டபம். திருவிழாவில் முதல் நாள் மண்டகப்படி ஒரு சமுதாயத்தாருடையது, இரண்டாம் நாள் இன்னொன்று. ஆகவே ஊர் வைபவம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவது ஊர் முழுவதின் வைபவமாக அநேகமாக இருப்பதில்லை. 1997இல் விருதுநகர் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை வைத்ததும் அதையொட்டி இந்த வட்டாரத்தில் மூண்ட கலவரமும், கடைசியில் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசாங்கம் எடுத்துவிட்டதும் மறந்துபோகிற விஷயங்கள் இல்லை. பஸ்ஸின் நெற்றியில் ஒரு பெயரைச் சகிக்காத இடத்தில் பந்தியில் பக்கத்து இலையை எப்படிச் சகிப்பார்கள்?

வேட்பாளர் வைபவத்துக்கு வந்தாரா, சந்தோஷமாகச் சாப்பிட்டாரா என்பதோடு நின்றுவிட்டால் பாதிக் கேள்வியைத்தான் கேட்டிருக்கிறோம். எந்த வீட்டில் சாப்பிட்டார்? எந்த வீட்டில் சாப்பிடவில்லை?

2022 தேர்தலின்போது ஒரு வினோதமான வியாதியைக் கவனித்தேன். கொரோனாக் கட்டுப்பாடுகளால் ஊர்வலமும் பேரணியும் குறைந்து, வீடுவீடாகப் போவதே பிரதான பிரசாரமாக இருந்த நேரம் அது. ஒரு வேட்பாளர், எந்தக் கட்சி, எந்த ஊர் என்பது முக்கியமில்லை, மூன்று தெருக்களில் மூன்று காதுகுத்து வீட்டில் கேசரி சாப்பிட்டார். நான்காவது தெருவுக்குத் திரும்பியதும் அவருக்குச் சர்க்கரை வியாதி வந்துவிட்டது. 'சுகர் இருக்கும்மா, தப்பா நினைக்காதீங்க.' சரி, தண்ணீராவது? கூட வந்தவர் கையில் பாட்டில் தண்ணீர் தயாராக இருந்தது. அந்த வீட்டுப் பெண் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். மஞ்சள் உடுத்திய குழந்தையைத் தூக்கிப் போட்டோ எடுத்துக்கொண்டார். அதற்குத் தயக்கம் இல்லை. தெருமுனை தாண்டி ஐந்தாவது தெருவில் டீக்கடையில் இரண்டு சர்க்கரை போட்ட டீ குடித்தார். வைத்திய சாஸ்திரத்தில் இல்லாத இந்த வியாதி ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானது இல்லை. இது தெருவின் பெயரைக் கேட்டதும் ஏறும், தெரு மாறினால் இறங்கும்.

இவரைப் பார்த்துத்தான் சிரிக்கவேண்டும். சிரிப்புக்கும் மேலே போகவேண்டும். ஆனால் நமது நண்பர்களின் கவிதையில் இவர் வருவதே இல்லை. அவர்களுக்கு முதல் மூன்று தெருவில் கேசரி சாப்பிட்டவர் மட்டும்தான் தெரிகிறார். அவர் அங்கே போலியாகச் சந்தோஷப்பட்டார் என்பது அவர்கள் புகார். நான்காவது தெருவில் அவர் உண்மையாகவே சந்தோஷப்படவில்லை என்பது என் புகார். முந்தையது அந்தரங்கத்தைப் பற்றிய யூகம். பிந்தையதற்குத் தெருவே சாட்சி.

இது வெறும் சாப்பாட்டு விவகாரம் இல்லை என்பதற்கு எங்கள் மாவட்டமே உதாரணம். கொட்டக்கச்சியேந்தல் விருதுநகர் மாவட்டத்தில் இருக்கிறது. மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தோடு சேர்த்து அந்த ஊரையும் 1996இல் தலித்துகளுக்கு ஒதுக்கிய பிறகு பத்து வருஷம் அங்கெல்லாம் ஒழுங்காக ஒரு தலைவர் இருக்க விடவில்லை. மனு போட ஆளில்லாமல் செய்தார்கள். அல்லது ஜெயித்தவரையே உடனே ராஜினாமா செய்யவைத்தார்கள். 1997 ஜூன் 30 அன்று மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் கூட இருந்த ஐந்து பேரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். தன் ஊர்த் திருவிழாவில் நடுவில் உட்கார முடியாதவன் ஊராட்சி அலுவலகத்து நாற்காலியில் எப்படி உட்காருவான்? நாற்காலியின் தகராறு பந்தியில் ஆரம்பிக்கிறது.

2006 அக்டோபரில் அந்த நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்தது. நல்ல காரியம். அடுத்த மாதம் அந்தத் தலைவர்களைச் சென்னைக்கு அழைத்துச் சமத்துவப் பெருவிழா கொண்டாடினார்கள். விழாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் விழா நடந்திருக்க வேண்டிய இடம் சென்னையா? பாப்பாபட்டி மந்தையில், கொட்டக்கச்சியேந்தல் தெருவில் ஒரு பந்தல் போட்டு, மறுத்தவனும் மறுக்கப்பட்டவனும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டிருந்தால் அது பெருவிழா. ஒரு முதலமைச்சர் பாப்பாபட்டிக் கிராம சபையில் போய் உட்கார 2021 அக்டோபர் 2 வரை ஆயிற்று.

உள்ளாட்சிப் பதவியில் இருந்துகொண்டு ஒன்றும் செய்யமுடியாது என்பவர்களுக்கு ஒரு பழைய ஞாபகம். எங்கள் இரண்டு ஊரும் அன்றைய ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தன. அந்த ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், தாழ்த்தப்பட்டவர்களை ஏற்றிக்கொள்ள மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் கிடையாது என்று உத்தரவு போட்டார். சட்டசபை இல்லை, பாராளுமன்றம் இல்லை. வெறும் ஜில்லா போர்டு. பஸ்ஸில் பக்கத்து ஸீட் என்பதும் ஒருவகைப் பந்திதான். ஒரு வார்டு கவுன்சிலருக்கு உத்தரவு போடுகிற அதிகாரம் இல்லை. உட்காருகிற அதிகாரம் இருக்கிறது. அவர் எந்த வீட்டில் கை நனைக்கிறார் என்பதைத் தெரு முழுக்கப் பார்க்கிறது.

ஆண்டாள் பிறந்த ஊரில் மார்கழி 27ஆம் நாள் கூடாரவல்லி. நோன்பு முடித்து நெய்யொழுகும் அக்காரவடிசல். தனியாக இருந்து சாப்பிடுவதற்கு அந்த நாள் ஏற்படவில்லை என்பதை இந்த ஊரில் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கூடி உண்கிற சந்தோஷத்தை நாம் பக்தர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் விட்டுக்கொடுத்துவிட்டு, சிரிப்பை மட்டும் நமக்கு வைத்துக்கொண்டோம். சிரிப்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: நான்காவது தெருவில் நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா? அந்தத் தெருவிலிருந்து ஒருவரை உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைத்திருக்கிறீர்களா? பக்தினின் திருவிழாக் கோட்பாட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதுகிற கைக்கு மூன்று மைல் தள்ளி நடக்கிற பூக்குழிக்குப் போக நேரமில்லை. போனாலும் மூங்கில் காலில் சாய்ந்துகொள்ளத்தான் போகிறது.

2025 ஜனவரி 5 அன்று எங்கள் மாவட்டம் உட்பட 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்கள் வந்தார்கள். கிராமத்துக் காதுகுத்து வீடுகளில் மறுபடியும் ஓட்டுக் கேட்டு வந்து சாப்பிட ஆள் இல்லாமல் போயிற்று. நகராட்சியிலும் 2022இல் வந்தவர்களின் ஐந்து வருஷம் ஒருநாள் முடியும். அடுத்த தேர்தல் என்றைக்கு நடந்தாலும் வேட்பாளர் வருவார், கும்பிடுவார், இலைமுன் உட்காருவார். அவர் ரசித்துச் சாப்பிடட்டும். ஓரமாக நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அடுத்த தெருவுக்கு அவர் போகும்போது கூடவே போய்ப் பாருங்கள். அங்கே இலை போட்டிருந்தால், அவர் உட்காருகிறாரா என்று பார்ப்பதற்குமுன் நீங்கள் உட்காருங்கள்.